கம்பம் பள்ளத்தாக்கில் கோடை இடிமழை முன்கணிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் கோடை இடிமழை முன்கணிப்பு என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் மார்ச்சு முதல் மே வரையான காலத்தில் இடியுடன் பெய்யும் மழையையும், அதனால் ஓடைகளிலும் காட்டாறுகளிலும் ஏற்படும் திடீர் வெள்ளத்தையும் முன்கூட்டியே கணித்து அறிவிக்கும் பணியாகும். இப்பணியை இந்திய வானிலை ஆய்வுத் துறை தனது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வழியாகச் செய்கிறது. எச்சரிக்கைகளை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்பு, மாவட்ட நிருவாகம், பொதுப்பணி மற்றும் நீர்வளத் துறையினர், வனத்துறை ஆகியோருக்கு உரியது.

பருவமழையைப் போலன்றிக் கோடை இடிமழை மிகச் சிறிய பரப்பில், மிகக் குறுகிய நேரத்தில் பெய்து ஓய்வது. ஓர் ஊரில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடும்போது அடுத்த ஊரில் ஒரு துளியும் விழாமல் இருப்பது இங்கு இயல்பு. மலைமுகட்டில் பெய்த மழையின் நீர், மழையே பெய்யாத அடிவார ஊர்களில் ஓடும் ஆற்றில் வெயில் அடிக்கும்போதே வந்து சேர்வதும் உண்டு. உயிரிழப்புக்கு வழி வகுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையே.

சொற்பொருள்

மார்ச்சு, ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவமழைக்கு முந்தைய காலம் என வகைப்படுத்துகிறது. இக்காலத்தில் பெய்யும் மழை பேச்சு வழக்கில் கோடை மழை எனப்படுகிறது. மா காய்க்கும் பருவத்தில் பெய்வதால் தென்னிந்தியாவில் இதனை மாம்பழ மழை என்றும் குறிப்பிடுவர். தமிழ்நாடு முழுமைக்குமான கோடைமழையின் இயல்பான அளவு சுமார் 12.5 செ.மீ. ஆகும்.

மழை பெய்த சில மணி நேரத்திற்குள், பொதுவாக ஆறு மணி நேரத்திற்குள், உச்சத்தை எட்டும் வெள்ளம் திடீர் வெள்ளம் எனப்படும். மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளில் வரும் இவ்வகை வெள்ளத்தைத் தேனி வட்டாரத்தில் காட்டாற்று வெள்ளம் என்பர். ஊடகங்களில் அடிக்கடி பயன்படும் மேகவெடிப்பு என்னும் சொல்லுக்குத் தனியான வரையறை உண்டு. சுமார் 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மழை பெய்தால் மட்டுமே அதனை மேகவெடிப்பு என வானிலையாளர் ஏற்பர். திடீர் வெள்ளம் உண்டாக மேகவெடிப்புத் தேவையில்லை. செங்குத்தான சரிவுகளில் அதில் பாதியளவு மழையே போதுமானது.

நில அமைப்பு

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு இம்மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், கூடலூருக்கு மேற்கேயுள்ள லோயர் கேம்ப் தொடங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டுள்ளது.

பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலை சுவர் போல நிற்கிறது. அதன் மறுபக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உள்ளது. தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் உள்ளன. வடக்கே பழனி மலையின் தென்சரிவு பெரியகுளம் வட்டத்தில் இறங்குகிறது. மூன்று பக்கம் மலைகளாலும் வடகிழக்கில் சமவெளியாலும் சூழப்பட்ட இவ்வமைப்பே இப்பகுதியின் மழைக்கும் வெள்ளத்திற்கும் அடிப்படை.

கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இத்தகைய உயர வேறுபாடு சில கிலோமீட்டர் கிடைத்தொலைவுக்குள் அமைந்திருப்பதால் மலையில் விழும் நீர் மிக விரைவாகக் கீழே இறங்கிவிடுகிறது.

ஆறுகளும் அணைகளும்

பள்ளத்தாக்கின் முதன்மையான ஆறு முல்லைப் பெரியாறு. 1895 இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தேக்கடியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வரும் நீரே இவ்வாற்றின் பெரும்பகுதி நீராகும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரால் பாசனம் பெறுகிறது. சுரங்கத்திலிருந்து வரும் நீரின் அளவு கட்டுப்படுத்தப்படுவது. ஆனால் இருபக்க மலைகளிலிருந்தும் வந்து சேரும் சுருளியாறு முதலான ஓடைகளின் நீருக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை.

குரங்கணி மலைப்பகுதியிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக வரும் கொட்டக்குடி ஆறு, வருசநாட்டிலிருந்து கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகை, பெரியகுளத்தினூடே ஓடும் வராக நதி, தேவதானப்பட்டி அருகேயுள்ள மஞ்சளாறு ஆகியன பிற ஆறுகள். மூல வைகை, கொட்டக்குடி ஆறு போன்றவை கோடையில் பெரும்பாலும் வறண்டு மணற்படுகையாகக் காட்சியளிக்கும். மக்கள் குறுக்கே நடப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் இப்படுகைகளைப் பயன்படுத்துகின்றனர்.

முல்லைப் பெரியாறு, கொட்டக்குடி ஆறு, மூல வைகை ஆகியவற்றின் நீர் ஆண்டிபட்டி அருகே 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதற்கட்ட எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் விடப்படுகின்றன. இவ்வெச்சரிக்கை முறை அணைக்குக் கீழே உள்ள கரையோர மக்களுக்கானது. கோடையில் அணை பெரும்பாலும் தாழ்ந்த மட்டத்தில் இருப்பதால் திடீரென வரும் வெள்ளத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே கோடை இடிமழையின் வெள்ள இடர் அணைக்கு மேலேயுள்ள ஓடைகள், அருவிகள், தரைப்பாலங்கள் ஆகியவற்றிலேயே மிகுதி. அங்கு அணையின் எச்சரிக்கை முறை உதவாது.

இடிமழை உருவாகும் விதம்

இடிமேகம் உருவாக மூன்று கூறுகள் ஒருங்கே அமைய வேண்டும். அவை: தாழ்மட்டத்தில் போதிய ஈரப்பதம், மேலே செல்லச் செல்ல விரைவாகக் குளிரும் நிலையற்ற காற்றடுக்கு, காற்றை மேலே தூக்கிவிடும் ஒரு தூண்டுதல்.

ஈரப்பதம்: வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றும் அரபிக் கடலிலிருந்து மலை இடுக்குகளின் வழியே வரும் மேற்குக் காற்றும் இப்பகுதிக்கு ஈரப்பதத்தைக் கொண்டு வருகின்றன. இவ்விரு காற்றும் தென்னிந்தியத் தீபகற்பத்தின் உட்பகுதியில் சந்திக்கும் இடத்தில் வடக்கு தெற்காக ஒரு கோடு போன்ற அமைப்பு உண்டாகும். இதனை வானிலையாளர் காற்றின் திசை மாறுபாட்டுப் பகுதி என்பர். கோடைக்கால வானிலை அறிக்கைகளில் இச்சொற்றொடர் அடிக்கடி இடம்பெறுவதற்குக் காரணம், தமிழகத்தின் கோடைமழையில் பெரும்பகுதி இதனை ஒட்டியே பெய்வதாகும்.

நிலையின்மை: தேனி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் மாத நடுவில், அதாவது சித்திரைப் பிறப்பை ஒட்டி, நண்பகல் ஞாயிறு இங்கு நேர் உச்சியில் நிற்கும். தரை மிகுதியாகச் சூடாகும் இக்காலத்தில் அதனையொட்டிய காற்று இலேசாகி மேலெழத் தொடங்குகிறது.

தூண்டுதல்: ஏலமலையின் கிழக்கு நோக்கிய சரிவு காலை வெயிலை நேராகப் பெறுகிறது. சரிவையொட்டிய காற்று பள்ளத்தாக்கின் நடுவேயுள்ள காற்றைவிட விரைவில் சூடாகி மலைமேல் ஏறுகிறது. முற்பகலில் மலைமுகடுகளின் மீது பஞ்சுப்பொதி போன்ற திரள்முகில்கள் தோன்றுவது இதனாலேயே. நண்பகலுக்குப் பின் இவை கோபுரமாக வளர்ந்து, பிற்பகல் மூன்று மணி முதல் முன்னிரவு வரையான நேரத்தில் இடிமழையாகப் பொழிகின்றன.

வளர்ந்த முகில் எந்தப் பக்கம் நகரும் என்பதை நடுமட்ட, மேல்மட்டக் காற்று முடிவு செய்கிறது. அக்காற்று கிழக்கிலிருந்து வீசினால் மலைமீது உருவான முகில்கள் கேரளப் பக்கம் நகர்ந்துவிடும். மேற்கிலிருந்து வீசினால் பள்ளத்தாக்கினுள் இறங்கும். காற்று மிகவும் வலுக்குறைந்திருந்தால் முகில் ஒரே இடத்தில் நின்று பெய்யும். வெள்ள இடர் மிகுதியாக உள்ள நிலை இந்த மூன்றாவதே.

மழையுடன் கீழிறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவும். அது எதிர்ப்பக்க மலையில் ஏறும்போது அங்கே புதிய முகிலை உருவாக்கக்கூடும். இதனால் மேகமலைப் பக்கம் மழை ஓய்ந்த பின் வேறொரு சரிவில் மழை தொடங்குவது உண்டு.

மழையிலிருந்து வெள்ளம்

ஒரு மலை ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 20 சதுர கி.மீ. எனவும், அதன்மீது ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை பெய்வதாகவும் கொண்டால், விழுந்த நீரின் மொத்தக் கொள்ளளவு 12 இலட்சம் கன மீட்டர் ஆகும். அதில் பாதி நிலத்தில் ஊறாமல் இரண்டு மணி நேரத்தில் ஓடி வந்தால், ஓடையின் சராசரி நீரோட்டம் நொடிக்கு சுமார் 83 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,900 கன அடி. காலையில் கணுக்கால் அளவு நீர் ஓடிய ஓடைக்கு இது மிகப் பெரிய அளவாகும்.

மலை ஓடையில் நீரின் வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் எனக் கொண்டால், 10 கி.மீ. மேலே பெய்த மழைநீர் கீழே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். எச்சரிக்கை விடுப்பவர்க்கும், கேட்டு வெளியேறுபவர்க்கும் சேர்த்துக் கிடைக்கும் நேரம் இவ்வளவே.

நீண்ட வெயிலில் இறுகிய மண், முதல் மழையை விரைவில் உறிஞ்சுவதில்லை. காட்டுத்தீயில் எரிந்த சரிவுகளில் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் புல்லும் சருகும் இருப்பதில்லை. 2018 மார்ச்சு 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் சிக்கிய தீயில் 23 பேர் உயிரிழந்தனர். கோடையின் தொடக்கத்தில் இம்மலைகள் எவ்வளவு வறண்டு கிடக்கின்றன என்பதை அந்நிகழ்வு காட்டியது. அதே மலைகளில்தான் சில வாரங்கள் கழித்து இடிமழை பெய்கிறது.

முன்கணிப்பு முறைகள்

கோடை இடிமழையின் முன்கணிப்பு, கால அளவைப் பொறுத்து மூன்று நிலைகளில் நடைபெறுகிறது.

1. சில நாட்களுக்கு முன்: கணினி மாதிரிகளின் துணையுடன் காற்றழுத்தம், காற்றின் திசை, ஈரப்பதம் ஆகியவை கணிக்கப்பட்டு மாவட்ட வாரியாக எச்சரிக்கை வெளியிடப்படுகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கு நிறங்கள் இதற்குப் பயன்படுகின்றன. மஞ்சள் நிறம் கவனித்து வருமாறும், ஆரஞ்சு ஆயத்தமாக இருக்குமாறும், சிவப்பு உடனே செயற்படுமாறும் குறிக்கும். 2025 மே மாதத்தில் பயன்பாட்டிற்கு வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கி.மீ. கட்டங்களாக வளிமண்டலத்தைப் பகுத்துக் கணிக்கிறது. பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை முந்தைய மாதிரிகளைவிட இது தெளிவாகக் காட்டவல்லது. ஆயினும் ஒரு தனி முகிலின் அளவும் 6 கி.மீ. அளவே என்பதால் அம்முகில் தோன்றும் இடத்தை இதனால் சொல்ல இயலாது.

2. அன்று காலையில்: காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பலூன் மூலம் கருவிகளை மேலே அனுப்பி வளிமண்டலத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியன அளக்கப்படுகின்றன. சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம், கொச்சி ஆகியன இவ்வாய்வு நடைபெறும் அண்மை நிலையங்கள். இத்தரவுகளிலிருந்து வெப்பச்சலனத்திற்குக் கிடைக்கும் ஆற்றல் கணக்கிடப்படுகிறது. ஒரு கிலோ காற்றுக்கு 1,000 சூலுக்குக் கீழ் இருந்தால் வலுக்குறைந்த நிலை எனவும், 2,500 சூலைத் தாண்டினால் வலுமிக்க நிலை எனவும் பொதுவாகக் கொள்வர். இவ்வாற்றல் மிகுதியாக இருந்தும் அதன்மேல் ஒரு சூடான காற்றடுக்கு மூடி போல அமைந்துவிட்டால் முகில் வளராது. புழுக்கம் தாங்க முடியாத நாளிலும் மழை பெய்யாமல் போவதன் காரணம் இதுவே.

3. அடுத்த மூன்று மணி நேரத்திற்கு: இது உடனடி முன்கணிப்பு எனப்படும். டாப்ளர் ராடார், இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள், மின்னல் உணரிகள் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு ஏற்கெனவே உருவாகிவிட்ட முகில்களின் போக்கு கணிக்கப்படுகிறது. மின்னலைப் பொறுத்தவரை புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் செல்பேசிச் செயலி, பயன்படுத்துபவரின் அருகே மின்னல் நிகழ்வதை அறிவிக்கிறது. இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர்.

திடீர் வெள்ளத்திற்கென 2020 அக்டோபர் 23 அன்று தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், நேபாளம், பூட்டான் ஆகிய ஐந்து நாடுகளுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை இதன் வட்டார மையமாகச் செயற்படுகிறது. மண்ணில் ஏற்கெனவே உள்ள ஈரம், பெய்த மழை, பெய்யவுள்ள மழை ஆகியவற்றைக் கொண்டு, சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் அடுத்த 6 மணி நேரத்திற்கும் 24 மணி நேரத்திற்கும் உள்ள வெள்ள வாய்ப்பினை இது மதிப்பிடுகிறது.

இடர்ப்பாடுகள்

ராடாரின் பார்வை: கம்பம் பள்ளத்தாக்கிற்கு அண்மையிலுள்ள டாப்ளர் ராடார்களுள் ஒன்று கொச்சியில் உள்ளது. அங்கிருந்து கம்பம் ஏறத்தாழ 115 கி.மீ. தொலைவிலும் தேனி ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவிலும் உள்ளன. அரைப்பாகைக் கோணத்தில் அனுப்பப்படும் ராடார் கதிர், புவியின் வளைவு காரணமாக 120 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் 1.9 கி.மீ. உயரத்தில் செல்லும். இடையிலுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் அதைவிட உயர்ந்த முகடுகள் உண்டு. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். ஆகவே முகிலின் உச்சி ராடாரில் தெரிந்தாலும், மலைக்குக் கிழக்கே கீழ்மட்டத்தில் பெய்யும் மழையின் அளவு சரியாகத் தெரிவதில்லை.

மழைமானிகளின் அடர்த்தி: ஒரு தனி இடிமுகில் பெருமழை பொழியும் பரப்பு பெரும்பாலும் சில பத்து சதுர கிலோமீட்டரே. 50 சதுர கி.மீ. எனக் கொண்டாலும், ஏறத்தாழ 3,000 சதுர கி.மீ. பரப்புள்ள தேனி மாவட்டத்தில் அது நூறில் இரண்டு பங்குக்கும் குறைவு. மழைமானிகள் பெரும்பாலும் ஊர்களிலும் அணைகளிலும் உள்ளன. மழையோ ஆளில்லாத காட்டுச்சரிவில் பெய்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்நாடு வேளாண் வானிலை வலையமைப்பு வட்டாரத்திற்கு ஒன்றாக 385 தானியங்கி நிலையங்களைக் கொண்டது. பின்னர் மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை மேற்கொண்டது. இவற்றால் இடைவெளி குறைந்ததேயன்றி நீங்கவில்லை.

அளவீட்டு முறை: இந்தியாவில் மழையளவு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை 24 மணி நேரத்திற்குக் கணக்கிடப்படுகிறது. 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. ஒரே மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்து ஓய்ந்தால் அது பதிவேட்டில் மிதமான மழை என்றே இடம்பெறும். நாள் முழுவதும் தூறலாகப் பெய்த 60 மி.மீ. மழைக்கும் அதே பெயர்தான். ஆனால் ஓடையைப் பொறுத்தவரை முன்னது வெள்ளம். பின்னது நிலத்தில் ஊறிப் பயன்தருவது.

பொய்த்த எச்சரிக்கை: மாவட்டம் முழுமைக்கும் எச்சரிக்கை விடப்பட்டு, மழை ஒரு மூலையில் மட்டும் பெய்தால், மற்ற ஊர் மக்களுக்கு அது பொய்த்ததாகவே தோன்றும். இவ்வாறு சிலமுறை நேர்ந்தபின் உண்மையான இடர் வரும் நாளில் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத மனநிலை உருவாகலாம். எச்சரிக்கையைக் குறைத்தாலோ எச்சரிக்கப்படாத வெள்ளம் வந்துவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே வரம்பை எங்கே வகுப்பது என்பதே முன்கணிப்பாளரின் முதன்மைச் சிக்கல்.

இடர் மிகுந்த இடங்களும் காலங்களும்

கோடை விடுமுறையும் திருவிழாக்களும் இடிமழைக் காலத்திலேயே வருகின்றன. பெரியகுளம் அருகேயுள்ள கும்பக்கரை அருவி, கம்பம் அருகேயுள்ள சுருளி அருவி, கோம்பைத்தொழு அருகேயுள்ள சின்னச் சுருளி அருவி ஆகியவற்றில் இக்காலத்தில் மக்கள் திரளாகக் குளிக்க வருகின்றனர். கும்பக்கரை அருவியின் நீர் கொடைக்கானல் மலையிலிருந்து வருவது. ஆகவே அருவியில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மலையில் பெய்த மழை சிறிது நேரத்தில் வெள்ளமாக வந்துவிடும். நீர்வரத்து கூடும்போது வனத்துறையினர் குளிக்கத் தடை விதிக்கின்றனர்.

சித்திரை முழுநிலவன்று தமிழக–கேரள எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடி வழியாக மக்கள் மலையேறுகின்றனர். வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றங்கரையில் உள்ள கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவிற்குப் பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். முன்னதில் இடர் மலைமுகட்டின் மின்னல். பின்னதில் ஆற்றின் திடீர் நீர்வரத்து.

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் குமுளி மலைச்சாலையிலும் பெருமழையின்போது பாறைகளும் மண்ணும் சரிவது உண்டு. ஏலத்தோட்ட வேலைக்காக நாள்தோறும் தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மாவட்டத்திற்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் இச்சாலைகளையே நம்பியுள்ளனர். அவர்கள் திரும்பும் நேரமும் இடிமழை பெய்யும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன.

வேளாண்மையில் வாழையும் திராட்சையும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. குலை தள்ளிய வாழை சூறைக்காற்றில் முறிந்து விழும். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் வெடித்து அழுகும். மறுபுறம், கோடை உழவுக்கும் மலைத்தோட்டப் பயிர்களுக்கும் நிலத்தடி நீருக்கும் இம்மழை இன்றியமையாதது.

அண்டைப் பகுதி நிகழ்வுகள்

2024 மே 17 அன்று தென்காசி மாவட்டம் பழைய குற்றாலம் அருவியில் பிற்பகலில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினர். 17 அகவைச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவியின் மேலே மலைப்பகுதியில் பெய்த கோடைமழையே இவ்வெள்ளத்திற்குக் காரணம். இந்நிகழ்வு கும்பக்கரை, சுருளி போன்ற அருவிகளுக்கும் பொருந்தும் படிப்பினையாகக் கருதப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே, அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், 2021 அக்டோபர் 16 அன்று கூட்டிக்கல், கொக்கையாறு பகுதிகளில் சில மணி நேரம் பெய்த பெருமழை வெள்ளத்தையும் நிலச்சரிவையும் உண்டாக்கிப் பலரைப் பலிகொண்டது. இது கோடை நிகழ்வன்று எனினும், சிறு பரப்பில் பெய்யும் மழையின் வலுவை உணர்த்துவது.

உலகளவில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1976 சூலை 31 அன்று பிக் தாம்சன் மலையிடுக்கில் நிகழ்ந்த வெள்ளம் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. காற்று வலுவின்றி இருந்ததால் இடிமுகில் மலைமேல் நகராமல் நின்று பெய்தது. கீழே முகாமிட்டிருந்தோர் உட்பட 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வண்டியில் ஏறி வெள்ளத்தை முந்த முயன்றவர் பலர் மாண்டனர். வண்டியை விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறியவர் பிழைத்தனர். அதன்பின் அங்கு வெள்ளம் வந்தால் மேலே ஏறுமாறு கூறும் பலகைகள் வைக்கப்பட்டன.

எச்சரிக்கையும் தற்காப்பும்

எச்சரிக்கைகள் செய்தி ஊடகங்கள், குறுஞ்செய்தி, தமிழ்நாடு அரசு 2024 இல் வெளியிட்ட டிஎன் அலர்ட் செயலி ஆகியவற்றின் வழியே மக்களைச் சென்றடைகின்றன. அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆயினும் அருவிப் பகுதிகள் பலவற்றில் செல்பேசித் தொடர்பு சீராக இல்லாததால், அங்குள்ள காவலரின் கண்காணிப்பும் நேரில் காணும் அறிகுறிகளுமே இறுதி எச்சரிக்கையாக அமைகின்றன.

திடீர் வெள்ளத்தின் பொதுவான அறிகுறிகள்:

- தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்குதல்
- சருகு, சுள்ளி, நுரை ஆகியன மிதந்து வருதல்
- மழை இல்லாமலேயே நீர்மட்டம் சிறிது சிறிதாக உயர்தல்
- மேலிருந்து தொடர்ந்த இரைச்சல் கேட்டல்
- ஆற்றின் மேற்பகுதி மலைமுகட்டில் கருமுகில் நகராமல் நிற்றல்

இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் உடைமைகளை எடுக்கக் காத்திராமல் கரையேறி உயரமான இடத்திற்குச் செல்ல வேண்டும். ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி ஓடுதல் கூடாது. ஏறத்தாழ 15 செ.மீ. ஆழமுள்ள வேகமான நீர் ஒருவரை நிலைதடுமாறச் செய்யும். 30 செ.மீ. நீர் சிறிய மகிழுந்தை நகர்த்தும். 60 செ.மீ. நீர் பெரும்பாலான ஊர்திகளை அடித்துச் செல்லும். ஆகவே நீர் வழிந்தோடும் தரைப்பாலத்தைக் கடத்தல் கூடாது.

மின்னல் கண்டபின் இடி கேட்க ஆகும் நொடிகளை மூன்றால் வகுத்தால் மின்னலின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால், அதாவது 10 கி.மீ. தொலைவுக்குள் மின்னல் இருந்தால், கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வருதல் நலம். தனி மரத்தடியில் ஒதுங்குதல் இடர் மிகுந்தது.

மரபறிவு

தட்டான் தாழப் பறப்பதும், எறும்பு முட்டையுடன் மேடேறுவதும், மாலையில் ஈசல் புறப்படுவதும் மழைக்கு அறிகுறி எனத் தமிழக உழவர்கள் கொள்வர். இவை காற்றின் ஈரப்பத மாற்றத்தோடு தொடர்புடையவை. மழை வரும் வாய்ப்பை இவை உணர்த்தினாலும், மலைமேல் பெய்யும் மழையின் அளவையோ வெள்ளம் வரும் நேரத்தையோ உணர்த்தா. ஆற்றோரத்தில் வாழ்வோர் நீரின் நிறத்தையும் ஓசையையும் கொண்டு வெள்ளத்தை உணரும் வழக்கம், அறிவியல் முறை எச்சரிக்கைக்குத் துணையாக இன்றும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- தேனி மாவட்டம்
- கம்பம் பள்ளத்தாக்கு
- முல்லைப் பெரியாறு அணை
- வைகை அணை
- கும்பக்கரை அருவி
- சுருளி அருவி
- இந்திய வானிலை ஆய்வுத் துறை
- இடிமழை
- திடீர் வெள்ளம்